பூட்டிவிட்டுப் போன கிணறு

ஆயிரத்துத் தொளாயிரத்து எழுபத்திரண்டாம் ஆண்டு ஆனி மாதக் கடைசியில், உரும்பிராய்க்குப் பக்கத்தில் எங்கள் ஊர் வாசிகசாலை மண்டபத்தில் ஒரு பின்னேரம் நான் ஒரு மணி நேரம் பேசினேன். நன்றாகத்தான் பேசினேன். என் வாழ்க்கையில் எனக்குக் கிடைத்த பெரிய கைதட்டலும் அன்றுதான் கிடைத்தது. அதை நினைத்தால் இன்றைக்கும் உடம்பு கூசுகிறது.

நானும் என் கணவரும் அப்போதுதான் வெளிநாடு சுற்றிவிட்டு ஊர் திரும்பியிருந்தோம். தன்சானியாவில் இரண்டு வருடம் தொண்டு வேலை. அது முடிந்த பிறகு, நேரே வீட்டுக்கு வராமல், எகிப்து, கிரேக்கம், துருக்கி, ஈரான் என்று ஏழு மாதம் சுற்றினோம். அந்த நாளில் எங்கள் பக்கத்தில் ஒரு புருசனும் பெண்சாதியும் அப்படிப் போய் வந்ததாக யாருக்கும் நினைவில்லை. படிக்கப் போவார்கள், வேலைக்குப் போவார்கள். சும்மா நாடு பார்க்க யார் போனது? அதனால் ஊரே எங்களை வாய் பார்க்க வந்திருந்தது.

எப்படிப் போனோம் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். என் கணவர் ஓவசியராக இருந்தார். குளம், வாய்க்கால், கிணறு என்று தண்ணீரோடுதான் அவருக்கு வேலை. நான் பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் ரீச்சர். கலியாணமாகி ஒன்பது வருடம், பிள்ளை இல்லை. எந்தச் சடங்குக்குப் போனாலும் "ஏதும் விசேசம் உண்டோ" என்று கேட்பவர்களுக்குப் பதில் சொல்லி எனக்கு அலுத்துவிட்டது. ஒரு தொண்டு நிறுவனம் ஆபிரிக்காவில் கிணறு வெட்டத் தெரிந்தவர்களைத் தேடுகிறது என்று அவருடைய நண்பர் ஒருவர் எழுதியதும், ஓம் என்று முதலில் சொன்னது நான்தான். சம்பளமில்லாத லீவு எடுத்தோம். அயலவர் ஒருவர் வீடு தேடி வந்து, "இஞ்சை வெட்ட வேண்டிய கிணறெல்லாம் வெட்டி முடிஞ்சுதோ?" என்று கேட்டுவிட்டுப் போனார். நாங்கள் அதைச் சொல்லிச் சொல்லி ஒரு கிழமை சிரித்தோம்.

புறப்படுவதற்கு முன் நான் செய்த ஒழுங்குகளைக் கேட்டால் நீங்களே மெச்சுவீர்கள். பசுவையும் கன்றையும் இணுவிலில் என் அக்கா வீட்டில் கட்டினேன். கறுத்தக்கொழும்பான் மாங்காயை யார் பிடுங்குவது, யார் யாருக்கு எத்தனை கொடுப்பது என்று எழுதி வைத்தேன். வெள்ளிக்கிழமை விளக்கேற்ற என் கணவரின் ஒன்றுவிட்ட தம்பியை ஒழுங்கு பண்ணி, பூட்டைத் திறக்க அவரிடம் ஒரு திறப்புக் கொடுத்தேன். வளவுக் கேற்றுக்கு யாழ்ப்பாணம் பெரியகடையில் ஒரு முஸ்லிம் நானாவின் இரும்புக் கடையில் பூட்டு வாங்கினேன். அவர் அதைக் கையில் வைத்து நிறுத்துக் காட்டி, "இனி உங்கடை வளவுக்கை காத்தும் நுழையாது ரீச்சர்" என்றார்.

காற்று நுழையவில்லைதான்.

எங்கள் வளவுக்குள் ஒரு கிணறு இருந்தது. நல்ல தண்ணீர். கோடையிலும் வற்றாது, உவராது. இதைப் படிக்கிற இளம் ஆட்களுக்காக ஒன்றைச் சொல்ல வேண்டும். எழுத வெட்கமாக இருந்தாலும் சொல்லத்தான் வேண்டும். எங்கள் ஒழுங்கை போய் முடிகிற இடத்தில் இருந்த குடியிருப்பில் குடிக்க உதவுகிற கிணறு இல்லை. அங்கே இருந்தவர்கள் எந்தச் சாதி என்று எழுதப் போவதில்லை. நாங்கள் தள்ளி வைத்திருந்த சாதி என்றால் போதும். அவர்கள் எங்கள் கிணற்றுக்கு வரலாம், ஆனால் அள்ளக் கூடாது. கிணற்றுக் கட்டுக்கு வெளியே குடத்தை வைத்துவிட்டு நிற்பார்கள். வீட்டுக்காரர் யாராவது வந்து துலாவை இழுத்து, வாளியை மேலே தூக்கி, குடத்தில் படாமல் ஊற்றிவிட வேண்டும். அதுவரை நிற்க வேண்டியதுதான்.

எங்கள் வீட்டுக்கு ஒரு பெண் தினமும் விடியற்காலையில் வருவாள். புருசன் இல்லாதவள். வெங்காயத் தோட்டங்களில் கூலி வேலை. ஆறு மணிக்கு வரம்பில் நிற்க வேண்டும். நான் ஐந்து மணிக்கு எழும்புகிறவள் என்பதால் அவளுக்கு எங்கள் வீடு வசதி. முகம் கழுவ வருகிற கையோடு அவளுடைய இரண்டு குடங்களுக்கும் ஊற்றிவிடுவேன். அவளுடைய மகள் என் வகுப்பில் ஏழாம் வகுப்புப் படித்தாள். கணக்கில் கெட்டிக்காரி. வெண்கட்டியைக் கையில் கொடுத்தால் கரும்பலகையை விட்டு இறங்க மாட்டாள். அந்தப் பெண் முதலில் என்னை நாச்சியார் என்றுதான் கூப்பிட்டாள். மகளைப் போல நீயும் ரீச்சர் என்றே கூப்பிடு என்று நான்தான் சொன்னேன். அதைச் சொன்ன அன்று, நான் ஏதோ பெரிய புரட்சி செய்துவிட்டதாக எனக்கு ஒரு நினைப்பு.

நாங்கள் வெளிக்கிட்டது அறுபத்தொன்பதாம் ஆண்டு கார்த்திகை மாதம். அதற்கு முதல் நாள் காலையிலும் அவள் வந்தாள். நான் ஊற்றினேன். எப்போது திரும்பி வருவோம் என்று கேட்டாள். இரண்டு வருடம் என்றேன். குடத்தை இடுப்பில் வைத்த பிறகும் போகாமல் கொஞ்ச நேரம் நின்றாள். ஏதோ கேட்க வந்தவள் போல இருந்தது. நான் போவது அவளுக்கு மனவருத்தம் என்று எடுத்துக்கொண்டு, உள்ளே போய் என் பழைய பென்சில் பெட்டியைக் கொண்டுவந்து மகளுக்குக் கொடு, விடாமல் படிக்கச் சொல் என்றேன். அவள் அதை வாங்கி மடியில் செருகிக்கொண்டு போனாள். அடுத்த நாள் நாங்கள் கேற்றைப் பூட்டினோம். என் கணவர் இரண்டு தரம் இழுத்துப் பார்த்தார்.

பசுவுக்கு ஒழுங்கு செய்தேன், மாங்காய்க்கு ஒழுங்கு செய்தேன். அவளுடைய இரண்டு குடங்கள் என் நினைவுக்கே வரவில்லை. மறந்தேன் என்றுகூடச் சொல்ல முடியாது, ஒரு பொழுதாவது நினைத்திருந்தால்தானே மறப்பதற்கு.

தலைமன்னாரில் கப்பலேறி, இந்தியாவைக் குறுக்கே ரயிலில் கடந்து, பம்பாயிலிருந்து மொம்பாசாவுக்குப் போய், அங்கிருந்து பஸ்ஸிலும் லொறியிலும் தன்சானியாவில் எங்களுக்கு ஒதுக்கிய கிராமத்துக்குப் போய்ச் சேர்ந்தோம். செம்மண் பூமி. செம்மண் எங்களுக்குப் புதிதில்லைதானே, அதனால் இறங்கியவுடனேயே ஒரு ஒட்டுதல் வந்துவிட்டது. தண்ணீர்தான் இல்லை. பெண்களும் பெண் பிள்ளைகளும் காய்ந்த ஆற்றுக்குப் போய் மணலைத் தோண்டி, ஊறும்வரை காத்திருந்து, அகப்பையால் அள்ளி வருவார்கள். போனால் வர மத்தியானமாகிவிடும்.

போய் இறங்கிய அன்று பக்கத்துக் குடிசைப் பெண் எனக்குக் குடிக்கத் தண்ணீர் தந்தாள். ஒரு சுரைக்குடுவையில் கொண்டுவந்து, தான் ஒரு மிடறு குடித்துக் காட்டிவிட்டு, அதே குடுவையை என்னிடம் நீட்டினாள். அங்கே அதுதான் மரியாதை. நான் என்ன செய்தேன்? எங்கள் ஊர்ப் பழக்கப்படி வாயில் படாமல் அண்ணாந்து ஊற்றினேன். குடுவையின் வாய் அகலம். பாதித் தண்ணீர் சட்டைக்குள் போய்விட்டது. அந்தப் பெண் சிரிக்கவில்லை. நிலத்தில் சிந்திய தண்ணீரையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவள் அரை நாள் நடந்து கொண்டுவந்த தண்ணீர் அது என்று எனக்கு இரண்டாம் நாள்தான் தெரிந்தது. மூன்றாம் நாள் நான் குடுவையில் வாய் வைத்துக் குடித்தேன். அதன் பிறகு அந்த இரண்டு வருடமும் அவள் குடித்த மிச்சத்தை நானும், நான் குடித்த மிச்சத்தை அவளும் குடித்தோம். ஒரு தட்டில் சாப்பிட்டோம். எனக்கு மலேரியா வந்து கிடந்தபோது என் தலையை மடியில் வைத்துக் கஞ்சி பருக்கினவளும் அவள்தான்.

கிணறு வெட்ட எட்டு மாதம் பிடித்தது. என் கணவர் பாறையோடு மல்லுக்கட்டி மெலிந்து துரும்பாகிவிட்டார். தண்ணீர் வந்த அன்று ஊர் முழுக்க ஆடியது, நானும் ஆடினேன். அதைவிடப் பெரிய சந்தோசம் அடுத்த மாதம் கிடைத்தது. நான் படிப்பித்த பள்ளிக்கூடத்தில் அதுவரை பெண் பிள்ளைகள் நாலு பேர்தான். ஆற்றுக்குப் போகும் வேலை நின்றதும் ஒவ்வொருவராக வரத் தொடங்கினார்கள். இருக்க வாங்குப் பலகையில் இடமில்லாமல் நிலத்தில் இருந்தார்கள். நான் பூரித்துப் போய் ஊருக்கு எல்லாம் கடிதம் எழுதினேன். பழைய பள்ளிக்கூட விலாசத்துக்கு, அந்தக் கணக்குக்காரப் பிள்ளைக்கும் ஒரு படத் தபாலட்டை போட்டேன். "இங்கே பெண் பிள்ளைகள் இப்போது தண்ணீருக்குக் காத்து நிற்பதில்லை, நேரத்துக்குப் பள்ளிக்கூடம் வருகிறார்கள். நீயும் நன்றாகப் படி" என்று எழுதினேன். முத்து முத்தான எழுத்தில் எழுதினேன்.

எழுபத்தொன்று கார்த்திகையில் எங்கள் காலம் முடிந்தது. நேரே வந்திருந்தால் மார்கழியில் வீட்டில் இருந்திருப்போம். இவ்வளவு தூரம் வந்துவிட்டோம், இனி எப்போது வரப் போகிறோம் என்று நான்தான் ஆசைப்பட்டேன். மிச்சம் பிடித்த சிறு தொகையை வைத்துக்கொண்டு ஏழு மாதம் சுற்றினோம். நான் பொய் சொல்லக் கூடாது, மிகவும் சந்தோசமாக இருந்தோம். பிள்ளை இல்லாத கவலைகூட அப்போது எங்களோடு வரவில்லை.

ஆனியில் வந்து கேற்றைத் திறக்கப் போனால் பூட்டு இறுகிக் கிடந்தது; வெள்ளிக்கிழமை விளக்கு எப்போதோ நின்றுபோயிருந்தது. தேங்காயெண்ணெய் விட்டுத் தட்டித்தான் திறந்தோம். கிணறு நிறையத் தண்ணீர். மேலே பலா இலை மிதந்தது. அள்ளுவார் இல்லாமல் நன்றாக ஊறிப் போய்க் கிடக்கிறது என்று என் கணவர் சொன்னார். இறைத்துச் சுத்தம் செய்தோம். அடுத்த நாள் ஐந்து மணிக்குக் கிணற்றடிக்குப் போனபோது கட்டுக்கு வெளியே யாரும் இல்லை. நாங்கள் வந்தது அவளுக்குத் தெரியாதாக்கும் என்று நினைத்தேன்.

அதற்கு இரண்டாம் கிழமைதான் வாசிகசாலைக் கூட்டம். பள்ளிக்கூட அதிபர் தலைமை தாங்கினார். யாரிடமோ இரவல் வாங்கிய புரொஜெக்டரில் படங்களைக் காட்டினோம். என் கணவர் ஒட்டகத்தின் மேல் பயந்துபோய் இருக்கிற படத்துக்குச் சனம் விழுந்து விழுந்து சிரித்தது. "இது போன தை மாதம், பிரமிட்டுக்கு முன்னாலை" என்று நான் சொன்னேன். பிறகு கிணற்றுப் படம். பிறகு என் வகுப்புப் பெண் பிள்ளைகளின் படம். ஒரு கிணறு வந்ததால் ஒரு ஊரின் பெண் பிள்ளைகள் எல்லாரும் எழுத்தறிந்தார்கள் என்று சொல்லி, தண்ணீருக்கு நிற்கிற பிள்ளைக்குப் படிப்பு ஏறாது என்று குரலை உயர்த்தி முடித்தேன். கைதட்டல் ஓய நேரமெடுத்தது.

கூட்டம் கலைந்தபோது அதிபர் என்னைப் பாராட்டிவிட்டு, பையிலிருந்து ஒரு தபாலட்டையை எடுத்துத் தந்தார். என் முத்து முத்தான எழுத்து. "அந்தப் பிள்ளை பள்ளிக்கூடத்தாலை நிண்டிட்டுது ரீச்சர். அதாலை குடுக்கேல்லை, வைச்சிருந்தனான்" என்றார்.

வெளியே வந்தேன். மண்டபத்தின் யன்னலுக்கு வெளியே, வேலியோரமாக, குடியிருப்புப் பெண்கள் நாலைந்து பேர் நின்றார்கள். உள்ளே இடமிருந்தும் அவர்கள் வந்து இருக்கவில்லை. இருங்கள் என்று நாங்களும் சொல்லவில்லை. அவளும் நின்றாள். எல்லாப் படத்தையும் பார்த்திருக்கிறாள், எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள்.

மகளை ஏன் மறித்தாய் என்றுதான் நான் முதலில் கேட்டேன். கேட்ட தொனியும் ரீச்சருடைய தொனிதான்.

"நான் மறிக்கேல்லை ரீச்சர்," என்றாள் அவள். "நீங்கள் போனாப் பிறகு மற்ற வளவிலைதான் போய் நிண்டனாங்கள். அங்கை அவையள் குளிச்சு முடிய ஒன்பது மணியாகும் எங்களுக்கு அள்ளி ஊத்த. நான் ஆறு மணிக்குத் தோட்டத்திலை நிக்க வேணும். அவள்தான் குடத்தோடை நிப்பாள். பிந்திப் போனால் பள்ளிக்கூடத்திலை வெளியிலை விடுவினம். கொஞ்ச நாள் போய்ப் போய் வந்தாள். பிறகு பேரை வெட்டிப் போட்டினம்."

திறப்பு வைத்திருந்த என் கணவரின் தம்பியிடம் கேட்டிருக்கலாமே என்றேன்.

"கேட்டனான். திறந்து விடலாம், ஆனால் ஆர் உங்களுக்கு அள்ளி ஊத்துறது எண்டு கேட்டார்."

அவர் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. வர வழியில்லை. என்னிடம் யாராவது கேட்டிருந்தால் நானும் அதையேதான் கேட்டிருப்பேன். கிணறு நிறையத் தண்ணீர் இருந்தது, துலா இருந்தது, அவளுக்குக் கை இருந்தது. எங்கள் கை இல்லாததால் அந்தத் தண்ணீர் இரண்டரை வருடம் சும்மா கிடந்தது.

அவள் இன்னும் ஒன்று சொன்னாள். அதைச் சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை. "தை மாசத்துக்கை கொண்டந்து விட்டால் திரும்பச் சேக்கிறன் எண்டு அதிபர் சொன்னவர். நீங்களும் ரெண்டு வரியம் எண்டு சொன்னனியள்தானே. மார்கழி முழுக்க நான் வந்து வந்து கேற்றைப் பாத்திட்டுப் போனனான்."

மார்கழியில் நாங்கள் கெய்ரோவில் இருந்தோம். தையில் என் கணவர் ஒட்டகத்தில் இருந்தார்.

வீட்டுக்கு வந்து என் கணவரிடம் சொன்னேன். அவர் எழும்பிப் போய்க் கேற்றிலிருந்த பூட்டைக் கழற்றிக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். அடுத்த நாள் பின்னேரம் நான் அந்தக் குடியிருப்புக்குப் போனேன். எங்கள் வீட்டிலிருந்து பத்து நிமிட நடை. மொம்பாசா போனவள், இஸ்தான்புல் போனவள், அந்த ஒழுங்கையின் முடிவுக்கு அன்றுதான் முதல் தரம் போகிறேன்.

மகளும் வீட்டில் இருந்தாள். வளர்ந்திருந்தாள். உள்ளங்கையெல்லாம் தோட்டத்துக் காய்ப்பு. திரும்பப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கிறேன், நானே அதிபரோடு கதைக்கிறேன் என்று சொன்னேன். அவள் மரியாதையாகக் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "இனி என்ன ரீச்சர், சின்னப் பிள்ளையளோடை இருக்க வெக்கம்" என்றாள். பென்சில் பெட்டி கூரைத் தாழ்வாரத்தில் செருகியிருந்தது. அதற்குள் இப்போது ஊசியும் நூலும் இருப்பதாகச் சொன்னாள். தாயிடம், கேற் இனிப் பூட்டியிருக்காது, எந்த நேரமும் வந்து நீயே அள்ளு என்றேன். "பாப்பம் ரீச்சர்" என்றாள் அவள். மறுக்கவுமில்லை, சம்மதிக்கவுமில்லை.

நான் எழும்பப் போனபோது, இருங்கோ ரீச்சர் என்று சொல்லிவிட்டு மகளைக் கடைக்கு அனுப்பினாள். அவள் ஓட்டமாக ஓடி ஒரு சோடா வாங்கி வந்தாள். எங்கள் ஆட்கள் அவர்கள் வீட்டில் தண்ணீர் குடிக்க மாட்டார்கள். மூடி திறக்காத சோடா என்றால் குடிப்பார்கள். அவர்கள் வீட்டுக்கு நாங்கள் போகிற அரிதான வேளைகளில் நடக்கிற முறை அது. அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். மூடியை என் கண் முன்னாலேயே திறந்தாள்.

மூலையில் தண்ணீர்க் குடம் இருந்தது. அன்று காலையில் அந்தப் பிள்ளை ஒன்பது மணிவரை நின்று வாங்கி வந்த தண்ணீர். குடத்தின் மேலே ஒரு பேணி கவிழ்த்து வைத்திருந்தது. எனக்குச் சோடா வேண்டாம், அதில் ஒரு பேணி தா என்று நான் கேட்டிருக்கலாம். கேட்க வேண்டும் என்று மனம் சொன்னது. தன்சானியாக்காரியின் குடுவைகூட நினைவுக்கு வந்தது. ஆனால் வாசலில் இரண்டு மூன்று பேர் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஊருக்குள் கதை போகும் என்று நினைத்தேனோ, பழக்கம்தான் கையைப் பிடித்ததோ, நான் சோடாவை வாங்கினேன். அண்ணாந்து குடித்தேன். ஒரு சொட்டும் சிந்தவில்லை.

அன்றிலிருந்து எங்கள் கேற் பூட்டப்படவில்லை. ஆனால் அவள் வரவில்லை. இரண்டு வருடம் கழித்து அந்தக் குடியிருப்பு ஆட்கள் தாங்களே சேர்ந்து ஒரு கிணறு வெட்டினார்கள். என் கணவர் தானாகவே போய் உதவி செய்யட்டுமா என்று கேட்டார். வேண்டாம் ஐயா, நாங்கள் பாக்கிறம் என்று சொல்லிவிட்டார்கள். அவர் திரும்பி வந்து படிக்கட்டில் இருந்த விதம் இன்னும் என் கண்ணில் நிற்கிறது. அந்தப் பிள்ளைக்கு எழுபத்தைந்தில் கொடிகாமம் பக்கம் கலியாணமாகிப் போய்விட்டது. தபாலட்டையை நான் அவளிடம் கொடுக்கவேயில்லை. எப்படிக் கொடுப்பது?

இப்போது எனக்கு வயது போய்விட்டது. பயணங்களைப் பற்றி யாராவது ஆசையாகக் கேட்டால் பிரமிட்டையும் கடலையும் பற்றிச் சொல்கிறேன். கேட்பவர்களுக்கு அதுதான் பிடிக்கிறது. ஆனால் கடந்துபோன என் வாழ்வில் ஒரேயொரு இடத்துக்கு மட்டும் திரும்பிப் போகலாம் என்று யாராவது அனுமதி தந்தால், கப்பலும் ரயிலும் எனக்கு வேண்டாம், பத்து நிமிடம் நடந்து போய் அந்த மூலைக் குடத்துக்கு முன்னால் நின்று, ஒரு பேணி தண்ணீர் தா பிள்ளை என்று கேட்பேன்.